லாட் 3 என்றால் எவ்வளவு உறுதி?

ஜனவரி 6

வாசகர் ஒருவர் கேட்டது: "லாட் மதிப்பெண் 3 என்றால் ஆயிரத்துக்கு ஒன்று என்கிறார்கள். அப்படியானால் 99.9 சதவீதம் உறுதி என்றுதானே அர்த்தம்? பிறகு எப்படி லாட் 4, லாட் 6 வந்த முடிவுகள்கூடப் பிற்பாடு கவிழ்ந்தன? கணக்கில் கோளாறா, ஆட்களிடம் கோளாறா?"

ஜனவரி 6, இரவு

கணக்கில் கோளாறில்லை. ஆயிரத்துக்கு ஒன்று என்பதை நேராக 99.9 சதவீதம் என்று எடுத்துக்கொள்வதுதான் சரியில்லை.

லாட் எதைச் சொல்கிறது? நோய் மரபணுவும் நம் கையிலிருக்கும் குறிப்பானும் (ஆளுக்கு ஆள் மாறும், சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு மரபு அடையாளம்) ஒரே குரோமோசோமில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், அதாவது பிணைந்திருந்தால், இந்தக் குடும்பத்தில் நாம் பார்த்த தரவு கிடைக்க எவ்வளவு வாய்ப்பு? தொடர்பே இல்லாவிட்டால் எவ்வளவு வாய்ப்பு? முதலாவதை இரண்டாவதால் வகுத்து, 10 அடிமான மடக்கை எடுத்தால் லாட். 3 என்றால் முதல் கதை தரவுக்கு 1000 மடங்கு நன்றாகப் பொருந்துகிறது. அவ்வளவுதான். அந்தக் கதை உண்மையாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பது வேறு கேள்வி.

அதற்கு, தேடலைத் தொடங்கும் முன் நிலைமை என்ன என்று பார்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எடுத்த ஒரு குறிப்பான் நோய் மரபணுவுக்கு அளக்கக்கூடிய அருகில் இருக்க வாய்ப்பு ஏறக்குறைய ஐம்பதில் ஒன்று. 1000-ஐ 50-ஆல் வகுத்தால் 20. இருபதுக்கு ஒன்று, அதாவது 95 சதவீதம். 1955-இல் மரபியலாளர் நியூட்டன் மார்ட்டன் 3 என்ற வரம்பை வைத்ததன் பின்னணி இதுதான். முரட்டுக் கறார் போலத் தெரியும் அந்த எண் உண்மையில் நமக்குப் பழக்கமான 5 சதவீதத் தவறைத்தான் அனுமதிக்கிறது.

ஜனவரி 7

காலையில் எழுந்ததும் தோன்றியது: எண்ணைக் கையால் போட்டுக் காட்டாமல் இதைப் பேசிப் பயனில்லை.

ஒரு அப்பா. அவருக்கு ஒரு நோய் அல்லீல், அதாவது மரபணுவின் நோய் தரும் வடிவம். அது எந்தக் குறிப்பான் அல்லீலோடு ஒரே குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது என்பது தாத்தா பாட்டியின் இரத்த மாதிரியிலிருந்து நமக்குத் தெரியும். பத்துப் பிள்ளைகள். நோய் வந்த எல்லோருக்கும் அதே குறிப்பான் அல்லீல், வராத எல்லோருக்கும் மற்றது. மறுசேர்க்கை, அதாவது குரோமோசோம் சோடி துண்டு மாற்றிக்கொண்டு இந்த இரண்டையும் பிரித்துவிடுவது, ஒன்றுகூட இல்லை. அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகும் ஒவ்வொரு கடத்தலுக்கும் லாட் 0.30. பத்துக்கு 3.01. எல்லையைத் தொட்டாயிற்று.

இப்போது பத்தில் ஒரு பிள்ளை மட்டும் மாறி நிற்கிறது என்று வையுங்கள். மறுசேர்க்கை வீதத்துக்குச் சிறந்த மதிப்பீடு 0.1. லாட் 1.60. இரண்டு பிள்ளை மாறினால் 0.84.

3.01, 1.60, 0.84. இந்த மூன்று எண்ணையும் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டும்.

தாத்தா பாட்டி மாதிரி இல்லையென்றால்? எந்தக் குறிப்பானோடு நோய் அல்லீல் சேர்ந்திருக்கிறது என்பதைப் பிள்ளைகளை வைத்தே ஊகிக்க வேண்டும். மறுசேர்க்கையே இல்லாத அதே பத்துப் பிள்ளைகளுக்கு 3.01 என்பது 2.71 ஆகிறது. ஒரு பிள்ளையின் மதிப்பு போயிற்று. அதனால்தான் வயதானவர்களின் மாதிரியை முதலில் எடுங்கள் என்று நச்சரிக்கிறோம்.

ஜனவரி 9

"எல்லாம் பழைய கதை, இப்போதுதான் முழு மரபணுத்தொகுதியையும் வாசித்துவிடுகிறோமே" என்று ஒரு பதில். அதற்கு வருகிறேன். அதற்கு முன் பழைய கதையில் ஒன்று.

ஹண்டிங்டன் நோய், மூளையைச் சிதைக்கும் ஒரு பரம்பரை நோய். வெனிசுவேலாவில் மரக்காய்போ ஏரிக்கரையில் பெரிய குடும்பங்கள். நான்சி வெக்ஸ்லரும் கூட்டாளிகளும் அங்கே போய் இரத்த மாதிரி எடுத்தார்கள். 1983-இல் ஜேம்ஸ் குசெல்லா குழு, ஜி8 என்ற குறிப்பான் நோயோடு சேர்ந்தே போகிறது என்று அறிவித்தது. நான்காவது குரோமோசோம், லாட் 8.53. சோதித்த முதல் ஒரு டஜன் குறிப்பான்களுக்குள்ளேயே அது அகப்பட்டது. மரபணுத்தொகுதி முழுக்கப் பரவிய குறிப்பான் வரைபடம் ஒன்றை உருவாக்கலாம் என்று பாட்ஸ்டீன், வைட், ஸ்கோல்னிக், டேவிஸ் நால்வரும் 1980-இல்தான் எழுதியிருந்தார்கள். வரைபடம் வருவதற்கு முன்பே வெற்றி வந்துவிட்டது.

ஆனால் மரபணு கையில் கிடைத்தது 1993-இல். பத்து வருடம். குறிப்பானுக்கும் மரபணுவுக்கும் இடையே சுமார் 4 சென்டிமார்கன். ஒரு சென்டிமார்கன் என்றால் தோராயமாகப் பத்து லட்சம் எழுத்து. பிணைப்பு ஆய்வு வட்டாரத்தைக் காட்டும், கதவு எண்ணைக் காட்டாது. இடைவெளியைச் சுருக்கப் புதிய மறுசேர்க்கைகள் வேண்டும், அதற்குப் புதிய பிள்ளைகள் பிறக்க வேண்டும். புள்ளியியலால் அதை அவசரப்படுத்த முடியாது.

ஜனவரி 9, பின்மாலை

சொல்ல விட்டுப்போனது: 1995-இல் லேண்டரும் க்ருக்லியாக்கும் வேறொரு கணக்குப் போட்டார்கள். முழுத் தொகுதியையும் அடர்த்தியான குறிப்பான்களால் துழாவினால், எங்கேயாவது ஓரிடத்தில் தற்செயலாக உயர்ந்த லாட் வரத்தானே செய்யும்? அந்தத் தவறு 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டுமென்றால் வரம்பு 3.3. மார்ட்டனின் 3-லிருந்து அதிகம் தள்ளியில்லை. இரண்டு பேர் இரண்டு வழியில் நடந்து ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்தது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

ஜனவரி 14

கவிழ்ந்த முடிவுகள். கேள்வியின் உயிர் இதில்தான் இருக்கிறது, அதனால் நிதானமாக.

1987-இல் அமெரிக்காவின் பழைய ஆமிஷ் சமூகத்துப் பெரிய குடும்பம் ஒன்றில், இருமுனை மனநோய் 11-ஆம் குரோமோசோமின் குறிப்பான்களோடு பிணைந்திருப்பதாக நேச்சர் இதழில் வந்தது. லாட் 4-க்கு மேல். இரண்டு வருடம் கழித்து, 1989-இல், அதே குடும்பத்தை மீண்டும் பார்த்தபோது அந்தச் சான்று கரைந்துவிட்டது. குடும்பத்தின் புதிய கிளைகளைச் சேர்த்தது ஒரு காரணம். இன்னொரு காரணம், நோயில்லை என்று குறித்திருந்த இரண்டு பேருக்கு இடைப்பட்ட காலத்தில் நோய் வந்துவிட்டது.

இரண்டே பேர். இப்போது அந்தக் காகிதத்தை எடுத்துப் பாருங்கள். 3.01, 1.60, 0.84.

பிணைப்பு மென்பொருளுக்குக் கொடுக்கும் குடும்பக் கோப்பைத் தொட்டவர்களுக்குத் தெரியும். ஒரு ஆளுக்கு ஒரு வரி. குடும்ப எண், ஆள் எண், அப்பா எண், அம்மா எண், பால், அப்புறம் ஆறாவது நிரலில் ஒரே ஒரு இலக்கம்: நோய் இருந்தால் 2, இல்லாவிட்டால் 1, தெரியாவிட்டால் 0. எனக்கு இந்தத் துறையில் பெரும்பகுதி நேரம் இந்த ஆறாவது நிரலோடுதான் போயிற்று. சூத்திரங்களோடு போகவில்லை. முப்பது, நாற்பது வயதில் தலைகாட்டும் ஒரு நோய்க்கு, பத்தொன்பது வயதுத் தம்பிக்கு யாரோ 1 போட்டிருப்பார்கள். வீட்டுக்குப் போனபோது பையன் நன்றாகத்தான் இருந்தான், பார்த்தவர் பார்த்ததை எழுதினார். ஆனால் மென்பொருள் அதை "இவனுக்கு வராது" என்று படிக்கும். அவனிடம் நோய்க் குறிப்பான் இருந்தால் உடனே ஒரு மறுசேர்க்கை என்று கணக்கில் ஏறும். 1.4 லாட் போச்சு. குறிப்பான் இல்லாவிட்டால், சம்பாதிக்காத 0.30 லாபம். இரண்டுமே பொய்.

சரியான வழி, வயதுக்கேற்ற நோய்வாய்ப்பைக் கொடுப்பது, அதாவது நோய் அல்லீல் இருப்பவருக்கு அந்த வயதுக்குள் நோய் வந்திருக்கும் வாய்ப்பை. பத்தொன்பது வயதுக்காரருக்குக் கிட்டத்தட்ட 0, எழுபது வயது வரை தாண்டியவருக்கு ஏறக்குறைய 1. அதற்குத் தரவில்லையா? நோயாளிகளை மட்டும் எண்ணுங்கள், மற்றவர்களுக்கெல்லாம் 0 போடுங்கள். லாட் இறங்கும், மனசு வலிக்கும். ஆனால் நிற்கும்.

ஜனவரி 15

ஒருவர் கேட்கிறார், "லாட் 6 வந்தது எது?" 1988-இல் மனச்சிதைவு நோய், 5-ஆவது குரோமோசோம், 6.49. அதே இதழிலேயே ஒரு ஸ்வீடன் குடும்பத்தில் அது இல்லை என்ற கட்டுரையும் வந்தது. பிற்பாடு யாராலும் நிலைநாட்ட முடியவில்லை.

அதில் கவனிக்க வேண்டியது: நோய் என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வரையறை வைத்து ஓட்டினார்கள். கறாரான வரையறைக்குச் சின்ன லாட், வரையறையை விரிக்க விரிக்கப் பெரிய லாட். அதில் உச்சம்தான் 6.49. மார்ட்டனின் 3 என்பது ஒரு வரையறை, ஒரு நோய்வாய்ப்பு, ஒரு ஓட்டம் என்ற உடன்பாட்டின் மேல் நிற்பது. வரையறையையும் மாற்றி, நோய்வாய்ப்பையும் மாற்றி, உச்சத்தை மட்டும் எடுத்தால் 3 தன் அர்த்தத்தை இழந்துவிடும். எத்தனை வகையாக ஓட்டினீர்கள் என்று சொல்லாத லாட் மதிப்பெண்ணை நான் நம்புவதில்லை.

ஜனவரி 16

ஆனால் வரையறையைக் கறாராக்கி ஜெயித்த கதையும் உண்டு, அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. மேரி-கிளேர் கிங், 1990. மார்பகப் புற்றுநோய், 23 குடும்பங்கள். எல்லாவற்றையும் கலந்து கூட்டினால் தெளிவில்லை. சராசரியாக எந்த வயதில் நோய் வந்தது என்று குடும்பங்களை இளமையிலிருந்து முதுமைக்கு வரிசைப்படுத்தினார்கள். இளவயதுக் குடும்பங்களின் லாட்டைக் கூட்டிக்கொண்டே வந்தால் 17-ஆவது குரோமோசோமில் ஏறக்குறைய 6 வரை ஏறுகிறது, வயது கூடிய குடும்பங்கள் வந்ததும் இறங்குகிறது. பிஆர்சிஏ1 என்ற மார்பகப் புற்றுநோய் மரபணு இருக்கும் இடம் அப்படித்தான் புலப்பட்டது. மரபணு 1994-இல் கிடைத்தது.

இதுவும் தரவைப் பிரித்துப் பார்ப்பதுதானே என்றால், ஆமாம். வித்தியாசம், பிரித்த அளவுகோலுக்கு லாட்டைப் பார்க்காமலே ஒரு காரணம் இருந்தது: பரம்பரையாக வரும் புற்றுநோய் இளவயதில் வரும். பிறகு மற்றவர்களின் குடும்பங்களிலும் அதே இடம் வந்தது.

ஜனவரி 22

"முழுத் தொகுதியையும் வாசிக்கிறோமே" என்றவருக்கு இன்று.

ஒரே மரபணு, பலமான விளைவு என்றால் குடும்பங்கள் போதும். சர்க்கரை நோய், ஆஸ்துமா போன்றவற்றில் ஒவ்வொரு மரபணு மாறுபாடும் ஆபத்தைக் கொஞ்சம்தான் கூட்டும். 1996-இல் ரிஷ், மெரிகாங்கஸ் இருவரும் போட்ட கணக்கு இந்தத் துறையையே திருப்பியது. மக்களின் குரோமோசோம்களில் பாதியில் காணப்படும் அளவுக்குச் சாதாரணமான ஓர் அல்லீல், ஆபத்தை 1.5 மடங்காக்குகிறது. நோயுள்ள உடன்பிறப்புச் சோடிகளை வைத்துப் பிணைப்பைத் தேடினால் ஏறக்குறைய 18,000 குடும்பம் வேண்டும். அந்த அல்லீலையே நேராகச் சோதித்தால், லட்சக்கணக்கான சோதனைகளுக்கான கறாரான வரம்பை வைத்தும் ஆயிரத்துக்கும் குறைவான குடும்பம் போதும்.

ஏன் இந்த வித்தியாசம்? உடன்பிறப்புகள் ஓரிடத்தில் பொதுவாகவே பாதியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். இப்படிப்பட்ட சின்ன விளைவு அந்தப் பாதியை ஏறக்குறைய 51 சதவீதமாகத்தான் தள்ளும். அதைக் கண்டுகொள்ள ஆட்கள் குவிய வேண்டும்.

ஜனவரி 23

நேராகச் சோதிப்பதில் ஒரு பெரிய குழி. நோயாளிகளும் மற்றவர்களும் வேறு வேறு முன்னோர் வழியில் வந்தவர்களாக இருந்தால், அந்த வேறுபாட்டைச் சுமக்கும் எந்தக் குறிப்பானும் நோயோடு தொடர்புள்ளதுபோலத் தெரியும்.

அரிசோனாவின் பீமா மக்களிடம் நோலர் குழு 1988-இல் காட்டியது இன்றும் நல்ல உதாரணம். ஜிஎம் என்ற இரத்தப் புரதக் குறிப்பானின் ஒரு வகை உள்ளவர்களில் 8 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், இல்லாதவர்களில் 29 சதவீதம். பார்த்ததும் காப்பு மரபணு என்று தோன்றும். ஆனால் அந்த வகை ஐரோப்பிய முன்னோரிடமிருந்து வந்தது. யாருக்கு எவ்வளவு பீமா வம்சம் என்று பிரித்துப் பார்த்தால் வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. குறிப்பான் வம்சத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

இதற்கு வந்த மருந்துகளில் எனக்கு மிகவும் பிடித்தது 1993-இல் ஸ்பீல்மன், மெகின்னிஸ், ஈவன்ஸ் எழுதிய கடத்தல் சோதனை, சுருக்கமாக டிடிடி. நோயுள்ள பிள்ளை, அப்பா, அம்மா. இரண்டு வெவ்வேறு அல்லீல் வைத்திருக்கும் பெற்றோரை மட்டும் எடு. பிள்ளைக்கு எதைக் கொடுத்தார், எதைக் கொடுக்கவில்லை என்று எண்ணு. கொடுக்காத அல்லீலே ஒப்பீட்டுக்கான ஆள். அதே வீடு, அதே வம்சம், எனவே கலப்பு ஏமாற்ற வழியில்லை.

இன்சுலின் மரபணுவுக்கும் முதல் வகைச் சர்க்கரை நோய்க்கும் அவர்கள் போட்டதே உதாரணம். 124 கடத்தல்கள். சந்தேகப்பட்ட அல்லீல் போனது 78, போகாதது 46. வித்தியாசம் 32. அதன் வர்க்கம் 1024, 124-ஆல் வகுத்தால் 8.26. பி-மதிப்பு, அதாவது தற்செயலாகவே இவ்வளவு வித்தியாசம் வரும் வாய்ப்பு, 0.004. கைப்பேசியில் இருக்கும் கணிப்பானே போதும். நோயாளிகளை மற்றவர்களோடு ஒப்பிடும் தொடர்பு ஆய்வுகள் "உண்டு" என்றும் உடன்பிறப்புச் சோடிகள் "இல்லை" என்றும் வருடக்கணக்கில் இழுபறியாக இருந்த வழக்கு அது.

ஜனவரி 24

டிடிடி-க்கு ஒரு எச்சரிக்கை. ஒரே அல்லீலை இரண்டு பிரதியாக வைத்திருக்கும் பெற்றோரால் பயனில்லை, அவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். அரிய அல்லீல் என்றால் நூறு குடும்பம் திரட்டினாலும் எண்ணத்தக்க கடத்தல்கள் கைவிரலுக்குள் அடங்கிவிடலாம். நோய் முதுமையில் வந்தால் பெற்றோர் மாதிரியே கிடைக்காது. ஆகவே உறவில்லாத நோயாளிகளையும் மற்றவர்களையும் ஒப்பிடும் பெருந்திரள் ஆய்வுகள் வேறு வழியில் போயின: ஆயிரக்கணக்கான குறிப்பான்களிலிருந்தே ஒவ்வொருவரின் வம்ச நிலையையும் கணித்து, கணக்கிலிருந்து கழித்துவிடுவது.

பிப்ரவரி 2

"குடும்பமா, திரளா, எது உசத்தி?" இந்தப் போட்டியே வேண்டாம் என்பதற்கு 2005 ஏப்ரலைச் சொல்வேன். முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி தேயும் நோய். 1-ஆவது குரோமோசோமின் நீண்ட கையில் ஏதோ இருக்கிறது என்று குடும்ப ஆய்வுகள் முன்பே சொல்லியிருந்தன. அந்த மாதம் சயன்ஸ் இதழில் மூன்று கட்டுரைகள். ஒன்று 96 நோயாளிகள், 50 மற்றவர்கள், ஒரு லட்சத்துக்கு மேல் ஸ்னிப் (டிஎன்ஏவில் ஒற்றை எழுத்து மாறுபாடு) குறிப்பான்கள் என்று தொகுதி முழுக்கத் துழாவியது. மற்ற இரண்டும் பிணைப்பு காட்டிய வட்டாரத்துக்குள்ளேயே தேடின. மூன்றும் சிஎஃப்எச் என்ற ஒரே மரபணுவில் வந்து நின்றன.

96 பேர் எப்படிப் போதும் என்றால், அந்த அல்லீல் இரண்டு பிரதி இருந்தால் ஆபத்து ஏழு மடங்குக்கு மேல். இதைப் பார்த்துவிட்டு எல்லா நோய்க்கும் நூறு பேர் போதும் என்று கிளம்பியவர்கள் ஏமாந்தார்கள். 2007-இல் பிரிட்டனின் வெல்கம் கூட்டமைப்பு ஏழு நோய்களுக்குத் தலா 2000 நோயாளி, பொதுவாக 3000 ஒப்பீட்டாளர் என்று எடுத்தது. இன்று அதுவே சின்ன ஆய்வு.

பிப்ரவரி 3

திரள் ஆய்வு கதவு எண் வரை காட்டிவிடும் என்று நினைத்தால், எஃப்டிஓ-வைப் பாருங்கள். 2007-இல் உடல் பருமனோடு தொடர்புள்ள ஸ்னிப்கள் அந்த மரபணுவின் உள்ளேயே கிடைத்தன. இரண்டு பிரதி இருப்பவர்கள் சராசரியாக 3 கிலோ கூடுதல். எல்லோரும் எஃப்டிஓ-வைப் பருமன் மரபணு என்று அழைக்கத் தொடங்கினார்கள். 2014-இல் பார்த்தால், அந்தத் துண்டு சுமார் ஐந்து லட்சம் எழுத்து தள்ளியிருக்கும் ஐஆர்எக்ஸ்3 என்ற மரபணுவைத் தொட்டு இயக்குகிறது. பி-மதிப்பு எவ்வளவு சின்னதானாலும் அது ஸ்னிப்புக்கான சான்று. எந்த மரபணு என்பதற்குச் சோதனைக்கூடத்தில்தான் பதில்.

பிப்ரவரி 11

முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருக்கும் ஒருவர்: "ஒரு அரிய நோய். பெற்றோருக்கு நோயில்லை, பிள்ளைக்கு இருக்கிறது. மூன்று குடும்பங்கள்தான் கிடைத்தன, மூன்றிலும் பெற்றோர் ஒன்றுவிட்ட உறவு, முதல் நிலை. விட்டுவிடவா?"

விடாதீர்கள்! உங்கள் கையில் இருப்பது நல்ல தரவு. 1987-இல் லேண்டரும் பாட்ஸ்டீனும் இதற்காகவே ஒரு முறை எழுதினார்கள். அப்படிப்பட்ட பெற்றோரின் பிள்ளைக்கு, ஏதோ ஒரு இடத்தில் ஒரே மூதாதையின் ஒரே பிரதி அப்பா வழியாகவும் அம்மா வழியாகவும் வந்திருக்க வாய்ப்பு 16-இல் ஒன்று. அரிய ஒடுங்கு நோய் (இரண்டு பிரதியும் பழுதானால்தான் வருவது) என்றால், நோய் மரபணு இருக்கும் இடத்தில் மட்டும் அது ஏறக்குறைய நிச்சயம். 16-இன் மடக்கை 1.2. ஒரு பிள்ளைக்கு லாட் 1.2, மூன்று பேருக்கு 3.6. மூவருக்கும் ஒரே மரபணுவில்தான் கோளாறு என்றால் மட்டும் இது பொருந்தும். குறிப்பான்கள் அடர்த்தியாக இருக்க வேண்டும் என்பதும் உண்டு, இன்றைய டிஎன்ஏ சோதனைச் சில்லுகளில் அதற்குக் குறைவில்லை.

பிப்ரவரி 12

அதே ஆளுக்கு, இன்னும் கொஞ்சம். நேராக எக்ஸோமை (மரபணுத்தொகுதியில் புரதத்துக்கான பகுதிகளை) வாசித்துவிடலாமே என்று உங்கள் வழிகாட்டி சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். வாசியுங்கள், நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் ஒவ்வொரு ஆளிடமும் சந்தேகத்துக்கு இடமான அரிய மாறுபாடுகள் ஏராளமாக வரும், எல்லாமே குற்றவாளி போலத்தான் தெரியும். மூவரும் இரட்டைப் பிரதியாக வைத்திருக்கும் பகுதிகளை முதலில் குறித்துக்கொண்டு, அதற்கு வெளியே இருப்பதையெல்லாம் தள்ளிவிட்டால் பட்டியல் சட்டென்று சுருங்கும்.

நோயில்லாத உடன்பிறப்புகளின் மாதிரியும் எடுங்கள். நோய் பிறவியிலேயே தெரிவது என்றால் அவர்களுக்குத் தயங்காமல் 1 போடலாம். கோப்பை ஓட்டும் முன் பெற்றோரிடம் இல்லாத அல்லீல் பிள்ளையிடம் எங்காவது வருகிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் வந்தால் வாசிப்புப் பிழை. எல்லா இடத்திலும் வந்தால் குழாய் மாறியிருக்கிறது, அல்லது உறவே எழுதியபடி இல்லை. பின்னது என்றால் கோப்பை மூடிவிட்டு வழிகாட்டியிடம் தனியாகப் பேசுங்கள், குடும்பத்தாரிடம் வாய்தவறிக்கூடச் சொல்லிவிட வேண்டாம்.

பிப்ரவரி 12, இரவு

அவர் திரும்ப எழுதியிருக்கிறார்: மூன்றாவது குடும்பத்தில் உறவு இன்னும் ஒரு தலைமுறை தள்ளி, இரண்டாம் நிலை ஒன்றுவிட்டவர்களாம். அப்படியானால் வாய்ப்பு 64-இல் ஒன்று, லாட் 1.8. மொத்தம் 4.2. தூரத்து உறவு என்றால் சான்று குறையவில்லை, கூடுகிறது. ஆனால் பொதுத் துண்டு நீளம் குறைவாக இருக்கும், குறிப்பான்களுக்கு இடையில் தவறவிட்டுவிடாதீர்கள்.